துணியில் உட்கார்ந்த நன்கொடை

தனின் அந்தத் துணியை விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. விடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவனும் விடவில்லை.

பெண்கள் கையிலிருந்து பிக்குகள் எதையும் நேராக வாங்கக்கூடாது. துணியை விரித்து ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் பொருளை மறுபக்கம் வைப்பாள். வைத்துவிட்டால் கொடுத்தாயிற்று, வாங்கியாயிற்று. நடுவில் நுனி கைநழுவினால் கொடுத்தது கணக்கில் வராது, கொடுத்தவளுக்குப் புண்ணியமும் இல்லை. தனினுக்கு மொட்டையடித்த அன்றைக்கே மகா விச்சித் இதைச் சொல்லி, துணியில் ஒரு வாழைப்பழத்தை வைத்துப் பழக்கினார். மகா என்பது பாலி மொழிப் பரீட்சைகளில் தேறியவருக்கு முன்னால் போடுவது. அவர் தேறியதை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதில் அவரே கவனமாக இருந்தார்.

"வானம் இடிஞ்சு தலைல விழுந்தாலும் நுனிய விடாத, நேன்" என்றார். இளம்பிக்குகளை ஊரே நேன் என்றுதான் கூப்பிடும்.

தனின் எதையும் விடுகிற நிலையில் இல்லை. அவன் அப்பா சந்தையில் பன்றிக்கறிக் கடை வைத்திருந்தவர். வெட்டியது போக, தராசில் கட்டைவிரலையும் வைத்தவர். மழைக்காலம் முடியும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சாய்ந்தார். அப்படிப்பட்டவர் மேலே போக வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது. மகன் மஞ்சள் உடுத்த வேண்டும். பெற்றவர்கள் அந்தச் சீவரத்தின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே சொர்க்கத்துக்குப் போய்விடுவார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நூறாம் நாள் சடங்குவரை தனின் சீவரத்தோடு இருந்தால் போதும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்த நூறாம் நாள் நாளைக்கு.

பதினாறு வயதுப் பையனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று பெரியவர்கள் யாரும் யோசிக்கவில்லை. பகலெல்லாம் அவன் திரும்பித் திரும்பித் தன் சீவரத்தின் ஓரத்தைப் பார்த்தபடி நடந்தான். கதவிடுக்கில் மாட்டினால் அப்பா நசுங்குவார். நாய் கடித்து இழுத்தால் அப்பா விழுவார். அப்பா கனமான ஆள் வேறு.

சந்தையில் கறி விற்றபோது சுற்றுலாக்காரர்களிடம் பேசிப் பேசி அவனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்திருந்தது. அதனால் ஏழு யானை விகாரையின் உரையாடல் மண்டபத்தில் அவனை உட்காரவைத்தார்கள். வாசலில் 'பிக்குவுடன் பேசுங்கள், இலவசம்' என்று ஒரு பலகை. அதற்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிய பலகை. தொடக்கூடாது, அணைக்கக்கூடாது, பாதத்தைப் புத்தரை நோக்கி நீட்டக்கூடாது, பிக்குவோடு தோள் சேர்த்துப் படம் எடுக்கக்கூடாது, நன்கொடை மட்டும் எந்த நேரத்திலும் தரலாம். இதையெல்லாம் கவனிக்க அயல்நாட்டார் தொடர்புக் குழு என்று ஒன்று இருந்தது. மகா விச்சித் அதன் செயலர். துணைத் தலைமைப் பிக்கு புன்மா அதன் தலைவர். அவரை எல்லாரும் தந்தை முறை வைத்து லுவாங் போ என்பார்கள்.

மார்லீஸ் என்ற டச்சுக்காரி அன்று காலையில் வந்தாள். அவளுக்கு இது நாலாவது வருகை. முந்தைய வருகைகளில் துக்கம் என்றால் என்ன என்று லுவாங் போவிடம் கேட்டிருந்தாள். மதியத்துக்குப் பிறகு பிக்குகள் எதையும் மென்று தின்னக்கூடாது, பாலும் கூடாது, கறுப்புக் காபி மட்டும் குடிக்கலாம், ஆனால் இந்த விகாரையில் கிடைப்பது பொட்டலத் தூள் காபி, அதுதான் துக்கம் என்று அவர் மூன்று முறையும் விளக்கினார். தனின்தான் மொழிபெயர்த்தான். அவள் ஆழமாகத் தலையாட்டினாள். நாலாவது தடவை ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே காபி இயந்திரம்.

தனின் முறைப்படி முட்டிபோட்டுத் துணியை விரித்தான், நுனியைப் பிடித்தான், தலையைக் குனிந்தான்.

துணியைப் பார்த்ததும் மார்லீஸின் முகம் மலர்ந்தது. தனக்கு ஆசனம் விரிக்கிறார்கள் என்று நினைத்தாள். நன்றி சொல்லி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, துணியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

தனின் நுனியை விடவில்லை.

தூணருகே நின்றிருந்த மகா விச்சித் இதைப் பார்த்தார். அவர் கையிலிருந்த விசிறி நின்றது.

"அசையாத" என்றார். "யாரும் அசையக் கூடாது. நேன், நுனி கையில இருக்கா?"

"இருக்கு, மகா."

"அவ உக்காரும்போதும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

மகா விச்சித் கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப வாங்கிட்ட" என்றார்.

"என்னத்த?"

"அவள."

மார்லீஸ் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். என்ன நடக்கிறது என்று தனினிடம் கேட்டாள். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இதற்கு வார்த்தை இல்லை. கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான். தியானம் தொடங்கிவிட்டதென்று அவள் முதுகை நிமிர்த்திக் கண்களை மூடினாள்.

குழு கூடியது. லுவாங் போ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, முதலில் அட்டைப்பெட்டியைத்தான் பார்த்தார். அதில் போட்டிருந்த படத்தையும் பார்த்தார். நுரை வழியும் கோப்பை ஒன்று.

"அது அதுதானா?" என்றார்.

"அதுதான், லுவாங் போ. ஆனா சிக்கல் இருக்கு" என்று மகா விச்சித் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் சொற்பொழிவு என்று அர்த்தம். "துணில எது வச்சாலும் அது காணிக்கை. பெட்டி அவ மடில இருக்கு. அவ துணில இருக்கா. நுனி நேன் கைல இருக்கு. அதனால அவளும் பெட்டியும் சேர்ந்து ஒரே காணிக்கை."

"அவ அப்படி நெனச்சு உக்காரலியே, மகா" என்றான் தனின். "ஆசனம்னு நெனச்சா."

"நெனப்பப் பத்தி யார் கேட்டா? இங்க வர்றவங்க மனசுக்குள்ள என்ன இருக்குன்னு நாம பாக்க ஆரம்பிச்சா ஒரு பொட்டலம்கூட வாங்க முடியாது. சந்தேகம்னு வந்தா மனசப் பாக்கறதில்ல. துணி நுனி யார் கைலன்னுதான் பாக்கறோம். விதின்னா அதுதான்."

லுவாங் போ தலையாட்டினார். "நல்லாச் சொன்னீங்க."

விதியில் இன்னொன்றும் இருந்தது. காணிக்கைப் பொருள் நடுத்தர பலமுள்ள ஓர் ஆண் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதைவிடக் கனமானால் காணிக்கை செல்லாது. தனின் மனசுக்குள் ஒரு கதவு திறந்தது. மார்லீஸ் உயரமானவள். யாராலும் தூக்க முடியாமல் போனால் அவன் எந்தப் பெண்ணையும் வாங்கவில்லை. சீவரம் உடம்பில் இருக்கும். அப்பா பத்திரம்.

நடுத்தர பலமுள்ள ஆணைத் தேடினார்கள். கட்டட வேலைக்காரர்கள் பலசாலிகள் என்று தள்ளப்பட்டார்கள். விகாரைக்கு மொட்டையடிக்க வரும் நாவிதர் நோஞ்சான் என்று தள்ளப்பட்டார். கடைசியில் தபாலாபீஸ் எழுத்தர் தோங்பையை அழைத்துவந்தார்கள்.

"நான் நடுத்தரம்னு யார் சொன்னது?" என்று அவர் வாசலிலேயே கேட்டார்.

"உங்க மேலதிகாரி" என்றார் மகா விச்சித். "எல்லா விஷயத்துலயும் நடுத்தரம்னார். பெட்டியோட சேர்த்துத் தூக்கணும். தரையிலேர்ந்து ஒரு விரக்கடை போதும்."

"என் பொண்டாட்டி சந்தைலதான் இருக்கா, மகா. யாராவது போய்ச் சொல்லிட்டா?"

"இது தர்மகாரியம். நீங்க கருவி. கருவிக்குப் பொண்டாட்டி கிடையாது."

ஒருவர் தன்னைத் தூக்கப்போகிறார், சம்மதமா என்று தனின் மார்லீஸிடம் கேட்டான். அவள் ஆனந்தமாகச் சம்மதித்தாள். மிதக்கும் தியானம் பற்றி எங்கோ படித்திருப்பதாகச் சொன்னாள்.

தோங்பை குனிந்தார், பிடித்தார், சிவந்தார், பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். மார்லீஸ் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

தனின் மூச்சுவிட்டான். தப்பித்தோம்.

லுவாங் போ மட்டும் வருத்தமாகப் பெட்டியைப் பார்த்தார். "தூக்க முடியலன்னா?"

"காணிக்கை செல்லாது, லுவாங் போ."

"பெட்டியும்?"

"பெட்டியும்தான்."

லுவாங் போ தொண்டையைச் செருமினார். ஊர்க்காரர்களைப் பிக்குகள் யோம் என்றுதான் அழைப்பார்கள். "யோம் தோங்பை, காலைல சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க. அவசரம்னு கூட்டிட்டு வந்துட்டாங்க."

"பாருங்க. பசியோட இருக்கிறவன் எப்படி நடுத்தரம் ஆவான்? பசியோட இருக்கிறவன் பலவீனன். சோதனையே செல்லாது. அவருக்குச் சோறு போடுங்க."

அவருக்குச் சோறும் வறுத்த மீனும் வந்தன. பதினொரு மணி அடித்துவிட்டதால் பிக்குகளும் விசாரணையை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நுனியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தனின் போக முடியவில்லை. வறுத்த மீனின் வாசனை மண்டபம் வரை வந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. இனி நாளைக் காலைவரை அவன் சாப்பிடக் கூடாது.

இரண்டாம் முறை தோங்பை குனிந்தபோது மார்லீஸ் அவருக்கு உதவ நினைத்துத் தானும் ஒரு எம்பு எம்பினாள்.

"தூக்கியாச்சு" என்றார் லுவாங் போ.

"அவங்களே குதிச்சாங்க" என்றார் தோங்பை, நேர்மையாக.

"குதிச்சது மேல போனது. மேல போனது தூக்குனது. நீங்க போகலாம், யோம். புண்ணியம் உங்களுக்கு."

குழு இயந்திரத்துக்காக மகிழ்ந்தது. மகா விச்சித் மறுபடி எழுந்து நின்றதும் மகிழ்ச்சி போய்விட்டது.

"காணிக்கை செல்லும். அதனால அவளும் செல்லும். இப்ப இந்த டச்சுக்காரி சங்கத்தோட சொத்து. சங்கத்தோட சொத்த முழுச் சபை கூடாம வெளிய விட முடியாது. பொருள்கிடங்குல வைக்கலாம்னா, அங்க சுவர்க் கடிகாரமும் மின்விசிறியும் நிறைஞ்சு கெடக்கு. அதுமட்டுமில்ல, அவ பொம்பள. பொம்பளய வாங்கின நேன் விகாரைல இருக்க முடியாது. இன்னிக்கே சீவரத்தக் கழட்டணும்."

தனினின் மறுகை தானாகவே பின்னால் போய்த் தன் சீவர ஓரத்தைப் பற்றியது.

"நாளைக்கு, மகா. நாளன்னிக்குக் கழட்டறேன். நாளைக்கு எங்கப்பாவுக்கு நூறாம் நாள்."

"விதிக்கு அப்பா கிடையாது."

அந்த நேரத்தில்தான் அவன் அம்மா சேங்தாவ் வந்தாள். நாளைய சடங்குக்குப் பிக்குகள் வீட்டுக்கு வரும் நேரத்தைக் கேட்க வந்திருந்தாள். கசாப்புக்காரன் வீட்டுக்குச் சுருக்கப் பாராயணமே போதும், நீளமான சூத்திரங்கள் பெரிய இடங்களுக்குத்தான் என்று போன வாரம் மகா விச்சித் சொல்லியிருந்தார். அதையும் கேட்டுப் பார்க்கலாம் என்று வந்தவள், மகன் ஒரு துணியின் நுனியில் முட்டிபோட்டிருப்பதையும் மறுநுனியில் ஒரு வெள்ளைக்காரி கண்மூடி இருப்பதையும் கண்டாள். மகனுக்கு எட்டத்தில் தரையில் உட்கார்ந்து, கைகூப்பி மூன்று முறை கும்பிட்டாள்.

"நேன், என்ன பண்ணிட்டீங்க?" என்றாள். சீவரம் போட்டதிலிருந்து அவள் அவனை நீங்க என்றுதான் சொல்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு அழுகை வரும்.

"ஒண்ணும் பண்ணல. விடாம இருந்தேன்."

லுவாங் போ கருணையுள்ளவர். அதோடு மதியத் தூக்கமும் அவரை அழுத்தியது. நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"இதுல வழி இல்லாம இல்ல. நேன், இங்க பாரு. அந்தம்மா மொதல்ல பெட்டியத் துணில வச்சாங்க. நீ வாங்கிக்கிட்ட. வாங்கினதும் நுனிய விட்டுட்ட. அப்புறமாத்தான் அவங்க பெட்டிய எடுத்து மடில வச்சுட்டு, சும்மா கெடந்த துணில உக்காந்தாங்க. அப்படித்தானே நடந்தது?"

தனின் கையிலிருந்த நுனியைப் பார்த்தான்.

"அப்படித்தான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பெட்டி செல்லும். அந்தம்மா செல்ல மாட்டாங்க. நீ சீவரத்தோட வீட்டுக்குப் போய் அப்பாவுக்குப் புண்ணியம் சேர்க்கலாம். யாருக்கும் நஷ்டமில்ல."

"அழகான தீர்ப்பு" என்றார் மகா விச்சித். காலையில் நுனி கையில் இருந்ததா என்று இரண்டு முறை கேட்டவர் அவர்தான்.

சீவரம் போட்டபோது தனின் பத்து சீலம் எடுத்திருந்தான். நாலாவது, பொய் சொல்லாதிருத்தல். ஆமாம் என்றால் சீவரம் இருக்கும். ஆனால் பொய் சொன்ன சீவரம் அப்பாவின் கனத்தைத் தாங்குமா? இல்லை என்றால் இப்போதே உருவிவிடுவார்கள், அப்பா பாதி வழியில். எப்படிப் பார்த்தாலும் அப்பா விழுந்தார். கீழே அவர் தராசு, கத்தி, பன்றிகள் எல்லாம் அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தன.

"சொல்லு, நேன். லுவாங் போ காத்துட்டிருக்கார்."

"நான் பிடிச்சிட்டுதான் இருந்தேன்" என்றான் தனின். குரல் உடைந்துவிட்டது. "அவங்க உக்காரும்போதும் பிடிச்சிருந்தேன். இப்பவும் பிடிச்சிருக்கேன். சோறுகூடத் திங்கல."

லுவாங் போ பெருமூச்சுவிட்டார். அது உண்மையான துக்கம். மகா விச்சித் அவர் காதருகே குனிந்து நெடுநேரம் பேசினார். பேசப் பேச லுவாங் போவின் முகம் தெளிந்தது.

"தீர்ப்பு" என்றார் மகா விச்சித். "குழு யாரையும் தண்டிக்க விரும்பல. இந்தப் பையனோட தலைய மழிச்ச அன்னிக்கு ஒரு குறை நடந்திருக்கு. புருவத்தையும் சேர்த்து மழிக்கணும், அதுல கொஞ்சம் முடி விட்டுப்போயிருந்துச்சு. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அதனால இவன் நேன் ஆகவே இல்ல. நேன் ஆகாதவன் பொம்பளய வாங்கினா அது குத்தமில்ல. அந்தம்மா சங்கத்துச் சொத்துமில்ல, எழுந்து போகலாம். சீவரம் விகாரையோடது, குடுத்துட்டுப் போகணும்."

"அப்ப இத்தன நாளா?" என்றாள் சேங்தாவ்.

"இத்தன நாளா மஞ்சத்துணி போட்ட ஒரு பையன், யோம் அம்மா."

"எங்கப்பா எங்க இருக்காரு அப்ப?" என்றான் தனின்.

"அது இந்தக் குழுவோட வரம்புல வராது."

தனின் அங்கேயே சீவரத்தைக் கழற்றினான். ஓரத்தைக் கடைசிவரை கையில் வைத்திருந்துதான் மடித்தான். மகா விச்சித் தன் ஆள் ஒருவனின் அரைக்கால் சட்டையையும் பனியனையும் தரச் சொன்னார். சேங்தாவ் எழுந்தாள். இத்தனை நாள் தள்ளி உட்கார்ந்தவள் நேராக நடந்து வந்து மகனின் மொட்டைத் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். அவள்மேல் பன்றிக்கறி வாசனை அடித்தது.

"டேய், அழாத" என்றாள். பிறகு குழுவைப் பார்த்தாள். சந்தையில் மீதிச் சில்லறை குறைந்தால் பார்க்கிற அதே பார்வை. "எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல, மகா. அந்தப் பெட்டி யாருது?"

"விகாரையோடது."

"யார் வாங்குனது?"

"நேன்..." என்று தொடங்கிய மகா விச்சித் நிறுத்திக்கொண்டார்.

"இவன் நேன் இல்லன்னு இப்பத்தானே சொன்னீங்க. இவன் என் புள்ள. துணி நுனி இவன் கைல இருந்துச்சு. அப்பப் பெட்டியும் இவனுதுதானே?"

"அந்தம்மா மனசுல விகாரைக்குக் குடுக்கணும்னுதான..."

"மனசப் பாக்கறதில்லன்னு காலைலயே சொல்லிட்டீங்களாம். நான் வாசல்ல செருப்பக் கழட்டும்போது நாய்க்குச் சோறு வைக்கிற கிழவரே சொல்றாரு. துணி நுனிதான் விதியாம்."

லுவாங் போ, மகா விச்சித்தைப் பார்த்தார். மகா விச்சித் பாலியில் எதையோ முணுமுணுத்துப் பார்த்தார். பாலியிலும் வழி இல்லை. சேங்தாவ் மார்லீஸின் மடியிலிருந்து பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் நடுத்தர பலத்துக்கு மேற்பட்டவள். மார்லீஸ் எழுந்து, மரத்துப்போன காலை உதறி, வாழ்க்கையில் இவ்வளவு ஆழமான தியானம் செய்ததில்லை என்று எல்லாரையும் கும்பிட்டுவிட்டு வாடகை வண்டியில் ஏறிப் போனாள்.

மறுநாள் வீட்டுக்கு ஒன்பது பிக்குகள் வந்தார்கள். ஐந்து பேர்தான் வருவதாக இருந்தது. லுவாங் போவே முன்னால் நடந்து வந்தார். சுவரோரம் வரிசையாக அமர்ந்தார்கள். அப்பாவின் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி புகைந்தது. அடுப்படியில், எல்லாருக்கும் தெரியும்படி திறந்த கதவுக்கு நேராக, அந்த இயந்திரம் மின்னியது. தனின் அரைக்கால் சட்டையோடு கடைசியில் உட்கார்ந்திருந்தான். பயம் இன்னும் போகவில்லை. மஞ்சள் இல்லாமல் அப்பா எதைப் பிடித்துக்கொள்வார் என்றே யோசித்துக்கொண்டிருந்தான்.

சுருக்கப் பாராயணம் சீக்கிரமே முடிந்தது. ஓதும்போது முகத்தை மறைக்கும் விசிறிகளைப் பிக்குகள் கீழே வைத்தார்கள். மகா விச்சித் அடுப்படிப் பக்கம் பார்த்தார். சேங்தாவ் கைகூப்பியபடி அசையாமல் இருந்தாள்.

"காபி இருக்குங்க" என்றாள். "நல்ல கொட்டை. தனின் இயந்திரத்தப் பழகிட்டான். ஆனா எங்க வீட்டுக்காரர் நெறையப் பன்னி வெட்டினவரு, லுவாங் போ. தராசுலயும் கொஞ்சம் வெரல் வச்சவரு. சுருக்கமா ஓதினா அவருக்கு ஏறாதுன்னு தோணுது."

லுவாங் போ யோசித்தார். கண்ணைக் கதவிலிருந்து எடுக்காமல் யோசித்தார். பிறகு தன் விசிறியை மறுபடி எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்தார். நீளமான சூத்திரம் தொடங்கியது. ஆளுநர் வீட்டு மரணங்களுக்கு மட்டும் ஓதுவது. அது முடிந்ததும் சேங்தாவ் தனினைப் பார்த்துத் தலையாட்டினாள். அவன் உள்ளே போய் விசையை அழுத்தினான். இயந்திரம் சீறியது, வீடு முழுக்க வாசனை பரவியது. ஒன்பது குரல்களும் அவசர அவசரமாக அடுத்த சூத்திரத்துக்குள் நுழைந்தன. இவ்வளவு உருக்கமாக அவர்கள் ஓதி ஊரில் யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தனின் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக் கதவருகே நின்றான். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கா, லுவாங் போ?"

"இருக்கு, யோம் அம்மா" என்றார் லுவாங் போ, தட்டைப் பார்த்தபடி. "ரெண்டு இருக்கு."

"ஓதுங்க" என்றாள் சேங்தாவ்.